தோன்றா எழுவாய்

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்கிறது திரை.
செயப்பாட்டு வினை.
மறுத்தது யார் என்று சொல்லாமலே
வாக்கியம் முடிந்துவிடுகிறது.
கீழே ஒரே ஒரு பொத்தான்: சரி.
சரியில்லாவிட்டாலும் அதைத்தான் அழுத்தவேண்டும்.

கப்பலூர் சிட்கோ. மாதக் கடைசி. இரவு ஏழே முக்கால்.
ரப்பர் வாஷர் நூற்றிருபது பெட்டி ஏற்றிய லாரி
தார்ப்பாய் இழுத்துக் கட்டி நிற்கிறது.
தூத்துக்குடியில் கப்பல் நிற்காது என்று
மூன்றாம் தடவை சொல்லிவிட்டுப் போகிறார் டிரைவர்.
கேட்பாஸ் வரவில்லை.
ஒச்சம்மாள் மறுபடி தட்டுகிறாள்.
மறுபடி அதே வாக்கியம்.
“நான் என்ன தப்புப் பண்ணேன்?”
என்னைக் கேட்கவில்லை, திரையைக் கேட்கிறாள்.

எட்டு மாதம் எப்படி ஓட்டினாய் என்கிறேன்.
கீபோர்டைக் குப்புறத் திருப்புகிறாள்.
ஒட்டுநாடாவில் அழகுராணியின் பாஸ்வேர்டு.
அழகுராணி தங்கச்சி வளைகாப்புக்கு மேலூர் போயிருக்கிறாள்.
தொண்ணூறு நாள் கெடு முடிந்து
பாஸ்வேர்டும் இன்றைக்குத்தான் செத்திருக்கிறது.
இதுவரை கேட்டைத் தாண்டிய பெட்டிக்கெல்லாம்
கணக்குப்படி பொறுப்பு அழகுராணி.
ஒச்சம்மாள் என்று ஒருத்தி
இந்தக் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை.

முதலாளி எட்டிப் பார்க்கிறார்.
“அட்மினக் குடுத்து விடுங்க மேடம்,
காலையில பாத்துக்கிருவோம்.”
வாடிப்பட்டி மில்லில் அப்படிக் கொடுத்துத்தான்
டீ வாங்கப் போகும் பையன் ஒரு வருஷத்து லெட்ஜரை
மூடிவிட்டுப் போனான் என்கிறேன்.
சிரிக்கிறார்.
அன்றைக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தது நான்.

ஸ்டோர்ஸ் மூன்று.
இவளுக்கு இங்கே வைத்த பெயர் அது.
ஐந்து குழுக்களில் இருக்கிறது.
நான்கு ‘போகலாம்’ என்கின்றன, ஒன்று ‘கூடாது’.
எங்கள் மென்பொருளில் கூடாதுதான் ஜெயிக்கும்,
சம்பந்தம் பேசும் வீட்டில் நாற்பது பேர் தலையாட்டியும்
வெற்றிலையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாமன் போல.

யார் அந்த மாமன்?
பதிவேட்டைக் கீழே இழுக்கிறேன். இன்னும் கீழே.
மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மத்தியானம்
ஸ்டோர்ஸ் மூன்றுக்குச் சரக்கு வெளியேற்றத் தடை.
காரணம்: ஒரு புள்ளி.
(காலியாக விட்டால் மென்பொருள் விடாது.)
செய்தவர்:
என் பெயர்.

எழுவாய் தோன்றிவிட்டது.

மாட்டுத்தாவணி. கிளம்பாத பஸ். மடியில் லேப்டாப்.
போனில் யாரோ:
“தவமணின்னு ஒருத்தன், பன்னெண்டு பெட்டி குறையுது,
உடனே நிறுத்துங்க.”
நிறுத்தினேன். பஸ் கிளம்பியது.
பெட்டிகள் கிடைத்தனவா, தவமணி என்ன ஆனான்,
கேட்கவில்லை.
அவன் எழுந்த நாற்காலியில் இவளை உட்காரவைத்தவர்கள்
அவன் கணக்கையும் துடைக்காமல் கொடுத்துவிட்டார்கள்.
செக்கானூரணியில் தினமும் பஸ் ஏறி வந்தவள்
முன்பின் பார்க்காத ஒருவனின் பன்னிரண்டு பெட்டியைச்
சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு டிக்கை எடுத்தால் லாரி போய்விடும்.
எடுக்கவில்லை.
புதுக் கணக்கு திறக்கிறேன்.
“பேர் என்ன போடட்டும்? ஸ்டோர்ஸ் ஏழு?”
“ஒச்சம்மாள்னே போடுங்க. முழுசா.”
இங்கிலீஷில் அதற்கு எத்தனை எச் என்று
இரண்டு நிமிஷம் தகராறு.
ஆதார் அட்டையில் ஒன்று, பேங்கில் இரண்டு.
அவள் சொன்னபடி இரண்டு.

பழைய கணக்கை அழிக்க முடியாது,
பழைய பில்லெல்லாம் அதில் தொங்குகின்றன.
முடக்கிவைக்கிறேன்.
காரணம் கேட்கிறது.
இந்தத் தடவை நான்கு வரி எழுதுகிறேன்,
‘விசாரித்தார்களா தெரியாது’ என்பது உட்பட.

பிரிண்டர் இருமித் துப்பிய தாளை
வாட்ச்மேன் டார்ச் அடித்து எழுத்துக்கூட்டுகிறார்.
“யாரும்மா இது, புது ஆளா?”
“எட்டு மாசமா நாந்தாண்ணே.”

லாரி டோல்கேட் பக்கம் திரும்புகிறது.
கிளம்பும்போது கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒட்டுநாடாவில்
புதுசாக ஒரு பாஸ்வேர்டு.